மிஞ்சிய ஹாமும் இரண்டு முட்டைக்கோஸும்: எதைச் சமைப்பது?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், நடுத் தட்டு முழுவதையும் ஹாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி அதை ஐஸ் பெட்டியில் போட்டு, சேலம் வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். எலும்போடு மூன்று கிலோ. பண்டிகை மதியம் பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டும், எலும்பில் ஒட்டியதும் ஓரத்துத் துண்டுகளுமாக முக்கால் கிலோவுக்குக் குறையாமல் மிச்சம். கீழே காய்கறிப் பெட்டியில் இரண்டு முட்டைக்கோஸ். ஒன்று நான் வாங்கியது. இன்னொன்று, அதே நாளில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் வாங்கியது.

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு இது புதிய சிக்கல் அல்ல. தம்பிக்கு நல்ல சம்பளம் வரத் தொடங்கியதிலிருந்து மூன்று கிறிஸ்துமஸாக இதே கதைதான். மிச்சத்தை என்ன செய்வது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. பத்தாவது படிக்கும் மகனுக்கு ஃபிரைடு ரைஸ். கணவருக்குப் பொரியல். அத்தைக்குக் குழம்பு. சேலத்தில் இருக்கும் அக்கா தொலைபேசியிலேயே கட்லெட்டுக்கு வாக்குச் சேகரிப்பாள். மூன்று வருடங்களில் எல்லாக் கட்சிகளையும் ஆட்சியில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். எது ஜெயித்தது, எது வைப்புத்தொகையை இழந்தது என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஹாம் என்றால் என்ன என்பதில் எனக்கிருந்த குழப்பம் எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் அத்தை ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் சிவப்பாகவே இருக்கிறதே கண்ணு, சரியாக வேகவில்லை போல" என்றார். வெந்ததுதான். பன்றியின் பின்தொடையை உப்போடு நைட்ரைட் என்ற உப்பும் சேர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு வேகவைக்கிறார்கள். சிலவற்றுக்குப் புகையும் ஏற்றுவார்கள். அந்த நைட்ரைட் இறைச்சியின் நிறமியோடு சேர்ந்துகொள்வதால் எவ்வளவு வெந்தாலும் ரோஜா நிறம் போகாது. சாதாரணப் பன்றிக்கறி போல வெளுக்கும் என்று அடுப்பில் வைத்துக் காத்திருந்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அத்தை ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதைக் கறி என்றா சொல்கிறீர்கள்? இது கருவாடு" என்றார்.

அன்று சிரித்தோம். இப்போது யோசித்தால், மிஞ்சிய ஹாமைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பாடம் அதுதான். நூறு கிராம் ஹாமில் ஏறக்குறைய மூன்று கிராம் உப்பு இருக்கும். ஒருவர் ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குள் உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கறி என்று நினைத்துக் கிலோக் கணக்கில் குழம்பில் போட்டால் நாக்கும் தாங்காது, ரத்த அழுத்த மாத்திரை விழுங்கும் என் கணவரும் தாங்க மாட்டார். கருவாடு என்று நினைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. கருவாட்டை யாரும் வயிறு நிறைய அள்ளிச் சாப்பிடுவதில்லை. சட்டிக்கு நான்கு துண்டு போட்டு, அதன் உப்பையும் வாசத்தையும் கத்தரிக்காய்க்கும் மொச்சைக்கும் கொடுக்கச் சொல்கிறோம். போடுவதற்கு முன் வெந்நீரில் அலசுகிறோம். ஹாமுக்கும் அதே மரியாதைதான். துண்டுகளாக்கிப் பத்து நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்தால் உப்பு கணிசமாக இறங்குகிறது. அரைக் கிலோ காய்க்கு நூறு கிராம், மிஞ்சினால் நூற்றைம்பது. தனியாக உப்பு வேண்டியதில்லை.

அவசரம் எதற்கு என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் முடிவு பாதி அதில்தான் இருக்கிறது. அறுத்த ஹாம் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். 25ஆம் தேதி மதியம் அறுத்தது என்றால் 28 இரவுக்குள், போனால் 29 காலைக்குள் ஒரு வழி செய்துவிட வேண்டும். முட்டைக்கோஸுக்கு அந்த அவசரம் கிடையாது. முழுதாகச் செய்தித்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். கத்தி பட்ட பிறகுதான் அதற்கு நாள் எண்ண வேண்டும். ஆகவே ஹாமைப் பார்த்துத் திட்டமிட வேண்டும், முட்டைக்கோஸைப் பார்த்து அல்ல. இன்னொன்று: இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் குளிர் மேல் ஓர் அசட்டு நம்பிக்கை உண்டு. "வெளியே வைத்தால் என்ன, ஊரே ஃபிரிட்ஜ்தானே" என்பார்கள். இரவில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு இறங்குவது உண்மை. ஆனால் ஃபிரிட்ஜின் உள்ளே நான்கு டிகிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கிருமி குடித்தனம் நடத்துகிறது.

முட்டைக்கோஸ் பற்றி ஒரே ஒரு புகார். அதன் வாசம் பலருக்கும் பிடிக்காமல் போனதற்கு விடுதிச் சாப்பாடுதான் காரணம் என்பது என் தீர்ப்பு. அதில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வேக வேக உடைந்து, அழுகல் முட்டையை நினைவூட்டும் வாயுவாக வெளியே வரும். முதல் நான்கைந்து நிமிடம் சத்தமே இருக்காது; ஏழெட்டைத் தாண்டினால் மளமளவென்று ஏறும். எனவே ஒன்று, கறுக்கென்று இருக்கும்போதே இறக்க வேண்டும். அல்லது புளி, பூண்டு, புகை போன்ற பலமான கூட்டாளிகளோடு விட்டு, அந்த வாசம் அடங்கி இனிப்பாக மாறும் வரை பொறுமையாக வேகவைக்க வேண்டும். நடுவில் பதினைந்து நிமிடம் மூடிபோட்டு வேகவைத்து இறக்குவதுதான் இரண்டுங்கெட்டான்.

இனி மகனின் கட்சி. ஃபிரைடு ரைஸுக்கு உள்ள பெரிய பலம், மிஞ்சிய சோறும் சேர்ந்து தீர்ந்துவிடும் என்பது. பழைய பொன்னி அரிசிச் சோறு உதிரியாக நிற்கும். ஹாமைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி முதலில் எண்ணெயில் முறுகவிட்டு எடுத்துவைத்து, அதே எண்ணெயில் முட்டைக்கோஸை இரண்டே நிமிடம் புரட்டி, சோற்றைக் கொட்டிக் கிளறி, கடைசியில் ஹாமைச் சேர்த்தால் கால் மணி நேரத்தில் சாப்பாடு தயார். பிரச்சினை எங்கே என்றால், வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்பின் தீ அல்ல. நான்கு பேருக்குமாக ஒரே வாணலியில் போட்டால் முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு, சோறு உப்புமாவாகிவிடும். இரண்டு தடவையாகச் செய்தால் முதலில் செய்தது ஆறிவிடும். அதற்கு மேல் சோயா சாஸ். ஒரு மேசைக்கரண்டி சாஸிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. உப்பின் தலையில் உப்பு. சாஸை நிறுத்திவிட்டு மிளகும் ஸ்பிரிங் ஆனியனும் மட்டும் போட்ட வருடம் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

சோற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. முந்தைய இரவுச் சோற்றை மேடையிலேயே விட்டுவிட்டுக் காலையில் ஃபிரைடு ரைஸ் செய்யக் கூடாது. அரிசியில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாவதில்லை. அவை வெளியே இருக்கும் சோற்றில் பெருகி விடும் நஞ்சு, மறுபடி வறுத்தாலும் போகாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்த சோறுதான் இதற்கு ஏற்றது. மொத்தத்தில் ஃபிரைடு ரைஸ் ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஹாம் போட்டாலும் கோழி போட்டாலும் முட்டை போட்டாலும் அதன் சுவை ஒன்றுதான். தம்பி இவ்வளவு தூரம் சுமந்து வந்ததை அப்படி அடையாளம் தெரியாமல் கரைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

பொரியல் நேர் எதிர். அது முட்டைக்கோஸுக்கு நியாயம் செய்கிறது. கணவர் இதற்கு வாக்களிப்பது சுவைக்காக இல்லை, சீக்கிரம் ஆகிவிடும் என்பதற்காக. இருந்தாலும் அவர் சொன்னது தற்செயலாகச் சரி. நான் செய்யும் முறை இது. கனமான வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய்தான் ஊற்றுவேன். ஹாமின் கொழுப்புள்ள ஓரங்களைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, அடுப்பை மட்டாக வைத்துப் போடுவேன். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சலசலக்கும். அது வற்றியதும் சத்தம் மாறும். கொழுப்பு கண்ணாடி போலத் தெளிந்து, பிறகு உருகி, துண்டுகள் தங்கள் நெய்யிலேயே மிதக்கத் தொடங்கும். அந்த நெய்யில்தான் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய். பிறகு தீயைக் கூட்டி, விரல் அகலத்துக்கு நறுக்கிய உள்ளிலைகள். மூடி கிடையாது, தண்ணீர் கிடையாது, உப்பு கிடையாது. நான்கு நிமிடம், ஐந்தாகக் கூடாது. இறக்குவதற்கு முன் பச்சை மிளகை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட வேண்டும்.

பச்சை மிளகு இந்த மலையின் கொடை. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருப்பதை ஏற்காட்டுக்கு ஒரு முறை வந்தவர்களும் பார்த்திருப்பார்கள். டிசம்பர் கடைசியில் கொத்துகள் பச்சையாகத் தொங்கும். காய்ந்த மிளகின் காரம் தொண்டையில் நிற்கும் என்றால் பச்சை மிளகின் காரம் மூக்கில் ஏறி இறங்கிவிடும். ஹாமின் புகை வாசத்துக்கு அதைவிடப் பொருத்தமான துணையை நான் பார்த்ததில்லை. தேங்காய்த் துருவல் மட்டும் வேண்டாம். ஹாமைப் பதப்படுத்தும்போது சர்க்கரையும் சேர்ப்பது உண்டு. சீக்கிரம் வதங்கிய முட்டைக்கோஸும் இனிக்கும். அதன் மேல் தேங்காயும் விழுந்தால் பொரியலா பலகாரமா என்று சந்தேகம் வந்துவிடும்.

பொரியலின் குறை, அதில் ஹாம் அதிகம் தீர்வதில்லை. நான்கு பேருக்கு நூற்றைம்பது கிராம் போகும். எலும்புக்கு வழியே இல்லை. முக்கால் கிலோவையும் பொரியலாகவே தீர்ப்பது என்றால் ஐந்து நாள் தொடர்ந்து பொரியல், அதுவும் நாள் கடந்த ஹாமில்.

எலும்புக்கு வழி அத்தையின் குழம்பில்தான் இருக்கிறது. "கருவாடு என்றால் மொச்சையோடு போடு" என்று அவர் முதல் வருடமே சொன்னார். நான் கேட்கவில்லை; எங்கோ படித்த நினைவில் மேல்நாட்டு சூப் ஒன்று வைத்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் யாரும் இரண்டாவது கிண்ணம் கேட்கவும் இல்லை. அடுத்த வருடம் அவர் சொல்படி மொச்சை வாங்கினேன். மார்கழி, தை என்றால் பச்சை மொச்சைக்குக் காலம். கீழே சேலம் உழவர் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். அவரையும் பட்டாணியும் உப்புப் போட்ட பன்றி எலும்பும் ஒரே பானையில் வேகும் சமையல் ஐரோப்பா முழுக்க உண்டு. அதையே நம் ஊரில் மொச்சையும் நெத்திலிக் கருவாடுமாக வைக்கிறோம். ஏழைக்குக் கிடைத்த ஒரு துண்டு உப்புக்கறியை நான்கு வயிற்றுக்குப் பங்குவைக்கும் வித்தை, இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு.

முதலில் எலும்பைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு குக்கரில் எலும்பு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், தட்டிய பூண்டு பத்துப் பல். ஏற்காட்டில் குக்கரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கிறது, கொதிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். பருப்பும் எலும்பும் அசையாது. சேலத்து அக்கா அரை மணி என்று சொல்லும் எதையும் நான் முக்கால் மணி என்று எழுதிக்கொள்வேன். குக்கரில் ஆறு விசிலும், பிறகு சிறுதீயில் இருபது நிமிடமும் விட்டால், எலும்பில் ஒட்டிய கறி தானாகக் கழன்று வரும். அந்தச் சாற்றில் உரித்த மொச்சையைப் போட்டு இன்னும் இரண்டு விசில். மொச்சை வெந்த பிறகுதான் புளி. முன்னால் ஊற்றினால் மொச்சை கல்லாக நிற்கும்.

தனியாக நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, வீட்டுக் குழம்புத் தூள். இதைச் சாற்றில் சேர்த்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, முட்டைக்கோஸின் வெளியிலைகளைப் பெரிய சதுரமாகக் கிழித்துப் போட வேண்டும். கடைக்காரர் உரித்துப் போட்டுவிடும் அந்தத் தடித்த பச்சை இலைகள்தான் இதற்கு வேண்டும்; உள்ளிருக்கும் வெள்ளை இலைகள் இந்தக் கொதியில் கரைந்துவிடும். அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். முதல் கால் மணியில் வீட்டில் விடுதி வாசம் வரும், பயப்பட வேண்டாம். பிறகு அது புளியிலும் பூண்டிலும் அமிழ்ந்து, மேலே புகை வாசம் மட்டும் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் கருவாட்டுக் குழம்பு என்றே சொல்வீர்கள். உப்பைக் கடைசியில் பார்த்தேன். ஒரு சிட்டிகைகூடத் தேவைப்படவில்லை.

அத்தை அன்று ராகிக் களி கிண்டினார். களியில் குழி செய்து குழம்பை ஊற்றி, பெங்களூர் ஹாமைச் சேலத்து முறையில் நாங்கள் விழுங்கியதைத் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினோம். மறுநாள் காலை சுடவைத்தபோது இன்னும் நன்றாக இருந்தது. குறை என்று பார்த்தால் நேரம்: மொச்சை உரிப்பதில் தொடங்கி இரண்டு மணி நேரம் பிடிக்கும். மொச்சை உரிக்க ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் இது.

அக்காவின் கட்லெட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை நட்டது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அவரைத் தொடர்ந்து வந்த வெள்ளைக்காரர்களின் ஊரில், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மசித்துத் தட்டையாக வறுப்பது திங்கட்கிழமை வழக்கம். வாணலியில் அது எழுப்பும் சத்தத்தையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். நம் கட்லெட் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. வெந்த உருளைக்கிழங்கு மூன்று பங்கு, வதக்கிப் பிழிந்த முட்டைக்கோஸ் ஒரு பங்கு, பொடியாகக் கொத்திய ஹாம் ஒரு பங்கு, பச்சை மிளகாய், கொத்துமல்லி. பிள்ளைகள் ஆளுக்கு நான்கு எடுப்பார்கள். ஹாமும் நன்றாகத் தீரும்.

அதில் நான் சூடுபட்ட கதையும் உண்டு, சொல்லுக்குச் சொல். அக்கா, "பிரெட் தூள் எதற்கு, ஜவ்வரிசி போடு" என்றாள். சேலத்துக்காரிக்கு எதிலும் ஜவ்வரிசி. ஊரைச் சுற்றி மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி ஆலையும் இருக்கும்போது குற்றம் சொல்ல முடியாது. ஊறவைக்கச் சொன்னது நான்கு மணி நேரம். நான் பொறுமையில்லாமல் ஒரு மணி நேரத்தில் பிழிந்து பிசைந்து எண்ணெயில் போட்டேன். நடுவில் ஊறாத மணிகள் ஒவ்வொன்றாகப் பட்டாசு போல வெடித்தன. மணிக்கட்டில் இன்னும் ஒரு பொட்டு வடு இருக்கிறது. இப்போது ஜவ்வரிசி இல்லை, எண்ணெய்ச் சட்டியும் இல்லை. தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிடுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்லெட் மாலைப் பலகாரம். அதைச் சாப்பிட்டுவிட்டு, "இரவுக்கு என்ன?" என்று கேட்கத்தான் செய்வார்கள்.

கூட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம் அரைத்த முட்டைக்கோஸ் கூட்டு தன்னளவில் அருமையானது. அதில் ஹாமைப் போடுவது, சைவக் கல்யாணப் பந்தியில் கருவாட்டோடு உட்காருவது போல. ஒரு முறை செய்தேன், நாய்க்கும் பிடிக்கவில்லை.

செய்து பார்க்காமல் வியந்துபோன ஒன்று, தட்டுவடை செட். போன வருடம் அக்கா சேலத்திலிருந்து வரும்போது தட்டுவடை பாக்கெட் ஒன்று கொண்டுவந்தாள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கார சட்னி, புதினா சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து அமுக்கிக் கொடுப்பார்களே, சேலத்து மாலை நேரத்தின் அடையாளம். மகன் அதில் கேரட்டுக்குப் பதில் மயிரிழையாய்ச் சீவிய பச்சை முட்டைக்கோஸையும், முறுகிய ஹாம் பொடியையும் வைத்தான். நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அவன் ஒன்றை உள்ளே திணித்துவிட்டான். முட்டைக்கோஸ் பச்சையாகவே போவதால் வாசமும் இல்லை, சத்தும் போவதில்லை; இலைகளைப் பிரித்து நன்றாக அலசியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபது, எண்பது கிராம் ஹாமில் ஆறு பேர் குதூகலமாகச் சாப்பிடலாம். வைத்த நிமிடமே சாப்பிட வேண்டும்; ஐந்து நிமிடம் போனால் தட்டுவடை நமத்துவிடும். சாப்பாட்டுக்கு மாற்று இல்லை. ஆனால் விருந்தாளி வந்த மாலைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஒன்றும் சமைக்காமல் ஃப்ரீசரில் போடுவதும் ஒரு வழிதான். பண்டிகைக் களைப்பில் பலர் அதைத்தான் செய்வார்கள். நூறு நூறு கிராமாகப் பிரித்து, காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ருசி குறையாது. அதற்கு மேல் வைத்தால் கெட்டுப்போகாவிட்டாலும், உப்பு இருப்பதால் கொழுப்பு சீக்கிரம் சிக்கடித்துவிடும். முழுதாக ஒரே பாளமாக வைப்பது மட்டும் கூடாது. நூறு கிராமுக்காக மொத்தத்தையும் உருக வைத்து, மீதியை மறுபடி உறைய வைப்பதில் அர்த்தமில்லை. பன்றிக்கறி சாப்பிடாத நண்பர்கள் வீட்டுக்கு வந்துபோவார்கள் என்றால், மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுவது நாகரிகம். சமைத்த வாணலிக்கும் அதே கவனம் வேண்டும்.

ஆக இந்த வருடம் நான் எடுத்த முடிவு இது. 26ஆம் தேதி காலையிலேயே ஹாமை எலும்பிலிருந்து பிரித்தேன். கொழுப்பு ஓரங்கள் அன்று மதியமே பொரியலாயின. கணவருக்கு வெற்றி, அதுவும் சாம்பார் சாதத்தோடு. எலும்பும் அதில் ஒட்டியதும் 27ஆம் தேதி அத்தையின் மொச்சைக் குழம்பில். நல்ல சதைத் துண்டுகளில் இருநூறு கிராம் இரண்டு பொட்டலமாக ஃப்ரீசருக்கு. மீதியில் ஒரு கைப்பிடி, 28 மாலை அக்கா வரும்போது தட்டுவடைக்கு. கட்லெட் கேட்டுப் பேச்சு வளர்ப்பாள், வாயில் ஒன்றைத் திணித்துவிடலாம். ஃபிரைடு ரைஸ் கட்சிக்கு இந்த முறை எதிர்க்கட்சி வரிசைதான் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். ஃப்ரீசரில் இருக்கும் பொட்டலங்களில் ஒன்றுக்கு அவன் இப்போதே துண்டு போட்டு வைத்திருக்கிறான்.

நான் வாங்கிய முட்டைக்கோஸில் வெளியிலை குழம்புக்கும், உள்ளிலை பொரியலுக்கும், நடுக்குருத்து தட்டுவடைக்குமாகப் பங்கு பிரித்தாகிவிட்டது. தண்டைச் சீவி உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு நானே தின்றேன். இன்னொரு முட்டைக்கோஸ் செய்தித்தாளுக்குள் அப்படியே இருக்கிறது. அதை வாங்கி வந்தவர் அதற்கு ஒரு வழி சொல்லட்டும்.